கண்ணாடிக்கு அடியில் ஒருவன்

“நிறுத்துய்யா படகை!”

கத்திய வேகத்தில் இன்ஸ்பெக்டர் குப்புறப் படுத்தேவிட்டார்.

படகின் அடித்தளம் முழுக்கக் கண்ணாடி. பவளப்பாறை பார்க்க வந்த சுற்றுலாக் கூட்டம் அலறிக்கொண்டு ஓரத்துக்கு ஓட, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கண்ணாடிக்கு நேர் கீழே...

பாறை இடுக்கில் ஒரு மனிதன்!

கறுப்பு நீச்சல் உடை. முகத்தை மறைத்த நீச்சல் கண்ணாடி. அசைவே இல்லை.

“பயப்படாதீங்க சார்!” படகோட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அது பொம்மை! த்ரில்லுக்காக எங்க கம்பெனியே இறக்கி வெச்சது. எல்லா ட்ரிப்லயும் இதே கூத்துதான்.”

கூட்டம் அசடு வழிந்தது. அடுத்த நிமிடமே போட்டோ எடுக்க முண்டியடித்தது.

இன்ஸ்பெக்டரின் மனைவி பல்லைக் கடித்தாள்.

“எங்க போனாலும் பொணம் தேடுற புத்தி!”

“இல்லம்மா... அந்தக் கையை மீன் கொத்துது. பிளாஸ்டிக்கை மீன் ஏன் கொத்துது?”

“பாசி புடிச்சிருக்கும். இத பாருங்க, கல்யாணமாகி இதான் மொத லீவு. கேஸ், கீஸ்னு வாயில ஒரு வார்த்தை வந்துச்சு... அடுத்த கப்பல்ல நான் எங்கம்மா வீட்டுக்கு. திரும்பி வர மாட்டேன்!”

வெறும் மிரட்டல் இல்லை. போன மாதமே ஒரு தடவை பெட்டி கட்டியவள். கெஞ்சிக் கூத்தாடி, இந்த லீவைக் காட்டித்தான் நிறுத்தி வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியிலிருந்து பார்வையைப் பிடுங்கிக்கொண்டார்.

தீவுக்கு வந்த லீவும் ரொம்ப லட்சணமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கத்துக்குப் பூட்டு. விளம்பரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டிய அருவி, மோட்டார் போட்டு விடும் தண்ணீர். கரண்ட் போனதும் அதுவும் நின்றது. ஆமைக் கடற்கரையில் ஆமை இருந்தது...

சிமென்ட்டில்!

படகு கரை தட்டியது. பாத்ரூம் தேடி டிக்கெட் ஆபீஸுக்குப் பின்னால் போன இன்ஸ்பெக்டர், ஒரு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து உறைந்தார்.

விட்டத்தில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான்!

கறுப்பு நீச்சல் உடை...

பாய்ந்துபோய்க் காலைத் தாங்கிப் பிடித்தார்.

“யோவ், தொடாதய்யா! பெயிண்ட் ஈரம்!”

மூலையிலிருந்து பிரஷ்ஷோடு ஓடி வந்தார் பெயிண்டர்.

“என்னய்யா இது?”

“பொம்மை சார். கடலுக்கடியில வைக்கிறது. மூஞ்சி உரிஞ்சு போச்சுன்னு பூச வந்திருக்கு. இப்ப உங்க சட்டைக்கும் பூசியாச்சு.”

“இன்னொரு பொம்மை இருக்கா?”

“இந்த ஒண்ணை வாங்கவே முதலாளி மூக்கால அழுதாரு. இதுல இன்னொண்ணா?”

பிடித்திருந்த காலை இன்ஸ்பெக்டர் மெல்ல விட்டார்.

அப்படியானால்... கண்ணாடிக்குக் கீழே கிடப்பது?

“முதலாளி எங்க?”

“அதான் தெரியல சார். நேத்து சாயங்காலத்துலேருந்து ஆளைக் காணோம். போனும் எடுக்கல.”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். கொட்டகை வாசலில் மனைவி! இடுப்பில் கை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

அவருடைய தொண்டையில் ஒரு கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. கேட்டால் பெண்டாட்டி போச்சு. கேட்காவிட்டால் கொலைகாரன் போயே போச்சு!

வாய் திறந்தது... மூடியது.

“ஏண்ணே...” மனைவி பெயிண்டரிடம் வந்தாள். “இந்தப் பொம்மையைத் தண்ணியிலேருந்து எடுத்துட்டு வந்தது யாரு?”

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்பது அவளா?

“நம்ம படகோட்டிதாம்மா. இன்னிக்குக் காலையில, மொத ட்ரிப்புக்கு முன்னாடி, அவனே தோள்ல தூக்கிப் போட்டுட்டு வந்தான்!”

இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார்.

“என்ன முழிக்கிறீங்க? ஓடிப்போய் அவனைப் புடிங்க!” மனைவி அவரைப் பிடித்து வெளியே தள்ளினாள். “இந்தத் தீவுல நாம பார்த்ததுலயே ஒரிஜினல் அந்தப் பொணம் ஒண்ணுதான்!”