நாடாவின் மறுமுனை

மரத்தின் பின்னால் சுற்றிவிட்ட அளவு நாடாவின் முனை, துழாவித் தேடுவதற்கு முன்பே நிசாந்தினியின் இடது கைக்குள் வந்து சேர்ந்தது.

கொடி எதிலாவது பட்டுத் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சு உயரத்தில் இழுத்துப் பிடித்து, இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று படிவத்தில் எழுதினாள். சுற்றளவு தெரிந்தால் மரத்தின் உடம்பில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடலாம். பதுளைக்கு மேலே, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அந்தக் காட்டில், இரண்டு மாதமாக அவளும் சுபாஜினியும் பார்த்த மாணவர் வேலை அதுதான். பெரிய மரங்களை ஒருத்தியால் அளக்க முடியாது. மற்றவள் பின்னால் நின்று முனையை வாங்கித் தர வேண்டும்.

இன்று பின்னால் யாரும் இல்லை. வேலை கிடையாது என்று சுபாஜினியிடம் நேற்றுப் பொய் சொன்னவளே நிசாந்தினிதான். அடுத்த வருடத்துக்கு ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார்களாம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரி அந்தச் சுபாஜினி, பட்டையை முகர்ந்தே மரத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அவள் தரும் எண்களைப் பேராசிரியர் சரிபார்ப்பதுகூட இல்லை. நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. கடைசிப் பத்து மரங்களாவது தன் பெயரில் மட்டும் போகட்டும்.

தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வந்த பிற்பகல் மூடுபனி, ஈரப் பட்டையின் வாசனையையும் யூக்கலிப்டஸ் நெடியையும் ஒன்றாகக் குழைத்தபடி, பத்தடிக்கு அப்பால் நின்ற மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. அடுத்த மரத்திலும் முனை தானாகவே வந்தது. அதற்கடுத்ததில் விரல்களும் பட்டன. குளிர்ந்த, ஈரமான விரல்கள்.

"நூத்தி எம்பத்தஞ்சு. எழுதிக்கிட்டியா?"

சுபாஜினியின் குரல். பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. மோப்பம் பிடித்து வந்துவிட்டாள், இதிலும் பங்குக்கு. மரத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். யாரும் இல்லை.

கைப்பேசியில் சுபாஜினியை அழைத்தாள். பேருந்து இரைச்சல் கேட்டது.

"நீர் எங்க நிக்கிறீர்?"

"லுணுகலைல. அம்மாவோட கடைக்கி வந்தேன். இன்னைக்கி வேலை இல்லன்னு நீதானே சொன்ன?"

இணைப்பு அறுந்தது. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. ஓட வேண்டும். திரும்பினாள்.

பின்னாலிருந்து நாடா வந்தது. அக்குளுக்குக் கீழே. நெஞ்சின் குறுக்கே. இறுகியது.

"எம்பத்தி ரெண்டு," என்றது அதே குரல், காதோரம், பொறுமையாக. "எழுது."

எழுதினாள். அளந்தவர் பெயர்: அவள் கையே சுபாஜினி என்று எழுதியது. மிச்சம் ஒரு கட்டம். மரம் உயிரோடிருக்கிறதா, பட்டுவிட்டதா என்று அதில் குறிக்க வேண்டும். பேனா நின்றது. நாடா இன்னும் இறுகியது.

"பட்டுப்போச்சுன்னு போடு."

மூச்சு வரவில்லை. பேனா நகர்ந்தது.