நாணி உட்காராத பிள்ளை

விசேஷ வீடென்றால் வாசலில் வாழைமரம், கூடத்தில் நாணிப்பெட்டி என்று ஆகிவிட்ட காலம். வெட்கப்படுகிற உடம்பில் லேசாக ஒரு வாடை கிளம்புகிறதாம். அதைத் தேடிப் போகும்படி அந்துப்பூச்சியின் உணர்கொம்பை மாற்றி, நாணி என்று பேர் வைத்துவிட்டார்கள் விஞ்ஞானிகள். பொருள் காணாமல் போனால் போலீஸ் எதற்கு? பெட்டியைத் திறந்தால் போதும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் வசந்தாமணி வீட்டில் வளர்ந்த நாணிகளுக்குத் தனி மவுசு. கடுகு போன்ற முட்டை பொரிந்ததிலிருந்து ஆமணக்கு இலையைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பாள். புழு கூடு கட்டும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. கூட்டை விட்டு வந்த பூச்சிகள் மகன் கவினைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், ஒன்றுகூட உட்காராது. “எம் பையன் பத்தரமாத்துத் தங்கமாக்கும்” என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

வசந்தாமணியின் தம்பி மகனுடைய குழந்தைக்குக் காதுகுத்து. மாமன் முறை என்று கவின்தான் மடியில் வைத்திருந்தான். குத்தி முடித்துப் பார்த்தால், போடவேண்டிய கல்தோடு காணோம்! தம்பி மனைவி மயிலாத்தா பதறினாள். வசந்தாமணியின் கண் நேரே போனது மயிலாத்தாவின் தங்கை தெய்வானை மேல்தான். புருஷனுக்கு மில் வேலை போனபின், சாயம் போன சேலையில் வந்து ஓரமாக நின்றவள். வசந்தாமணி பெட்டியைத் திறந்தாள். அத்தனை பூச்சியும் தெய்வானை மேல் அப்பின.

“நா எடுக்கலீங்க...”

“பூச்சி பொய் சொல்லுமா? பையக் கொட்டு!” என்று அதட்டினாள் வசந்தாமணி.

கொட்டினார்கள். காகிதத்தில் சுருட்டிய ஒரு லட்டு உருண்டது. “வூட்ல பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க. கேக்காம எடுத்துட்டேன்” என்று தெய்வானை முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சே, என்ன காரியம் செய்துவிட்டோம்! கூடமே கூனிக் குறுகியது. பூச்சிகள் எழுந்து ஆளாளுக்கு உட்கார்ந்தன. மயிலாத்தா மேல், தம்பி மேல், சமையல்காரர் மேல்கூட. பாயசம் குடித்துக்கொண்டிருந்த கவின் மேல் மட்டும் ஒன்றுமில்லை.

“எம்மேல ஒண்ணுகூட இல்ல, பாத்தீங்களா?” என்று சிரித்தான். ஒரு கை சட்டைப் பாக்கெட்டைப் பொத்தியபடியே இருந்தது.

வசந்தாமணியின் கண் அந்தக் கையிலேயே நின்றது. அந்தப் பெண் அப்படி அழுகிறாள், இவன் சிரிக்கிறானே! முன்பு வீட்டில் கொலுசு தொலைந்ததும், வேலைக்கு வந்த பெண்ணை விரட்டிவிட்டதும் நினைவுக்கு வந்தன. பாவி, இத்தனை நாள் எதைப் பெருமை என்று பேசித் திரிந்தேன்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அவன் பாக்கெட்டப் பாருங்க” என்றாள்.

அதற்குள் கூடத்துப் பூச்சிகள் மொத்தமும் அவளிடம் வந்துவிட்டன. தலை, தோள், கன்னமெல்லாம் சிறகுகள்.

மயிலாத்தா பின்வாங்கினாள். “அண்ணி, நீங்களா? பெத்த பையன் மேலயே பழியப் போடறீங்களே!”

கவின் எழுந்து வந்து, அம்மாவின் கன்னத்தில் இருந்த பூச்சியைப் பதமாகத் தட்டிவிட்டான்.

“விடுங்க அத்தை, அம்மாவுக்கு வயசாயிருச்சு. எங்க வெச்சாங்கன்னு வூட்டுக்குப் போயி நா கேட்டுக் குடுத்தர்றேன்.”

எல்லோரும் அவனைப் பாவமாகப் பார்த்துத் தலையாட்டினார்கள்.