மூச்சு விடும் ஏர்கோன்

மூன்றாவது அடிக்கும் கண்ணாடி உடையவில்லை.

சுகுமாறன் சுத்தியலை இரண்டு கையாலும் ஓங்கினார். காருக்குள் ஓட்டுநர் இருக்கையில் அவருடைய மகள் லோஷினி. நான்கு கதவுகளும் தாமாகவே பூட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் ஆகிறது. வெளியே செனாய் தொழிற்பேட்டையின் உச்சி வெயில். உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது.

“பியூஸைப் பிடுங்குடா, காளி!”

பட்டறைக் கூட்டாளி காளிதாஸ் பியூஸைப் பிடுங்கினார். பேட்டரி ஒயரையும் கழற்றி விட்டார். இன்ஜின் அடங்கியது.

ஏர்கோன் அடங்கவில்லை.

ஸ்ஸ்ஸ்... ஹா. ஸ்ஸ்ஸ்... ஹா.

காலையில் பழைய கார் வியாபாரி ஒருவர் விட்டுப்போன கார் அது. புதுச் சாயம், புது நம்பர். “சூடா ஊதுது, என்னான்னு பாருங்க” என்றதோடு சரி. சுகுமாறன் வழக்கம்போல் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கேஸ் அளவில் குறையில்லை. கம்ப்ரெஸர் ஒழுங்காகப் பிடிக்கிறது. குளிர்க்குழாயைத் தொட்டால் விரல் விறைக்கிறது. அப்படியானால் எங்கேயோ ஹீட்டர் சூடு வந்து கலக்கிறது.

பானெட்டுக்குள் குனிந்த காளிதாஸ் சிரித்துவிட்டார்.

“ஹீட்டரே இல்லயே சுகு! ரெண்டு குழாயையும் கழட்டி, இன்ஜின் பக்கமே வளைச்சு விட்டுருக்கான். எவன் வேலைலா இது?”

“எவனோ” என்றார் சுகுமாறன்.

ஜொகூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? ஒழுகினால் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜின் சுடுநீரைத் திருப்பி விட்டு, குழாய் காருக்குள் நுழைந்த ஓட்டையை அடைத்துவிடுவது ஊரறிந்த வித்தை.

ஆனால் சுடுநீரே போகாத இடத்திலிருந்து சூடு எப்படி வரும்?

சாப்பாடு கொண்டுவந்த லோஷினி, விளையாட்டாக உள்ளே ஏறிக் காற்றுத் துளையில் கை வைத்தாள்.

“அப்பா, இது ஏர்கோன் காத்து இல்லப்பா. யாரோ வாயால ஊதுற மாதிரி ஈரமா இருக்கு. புகை நாத்தம் வேற.”

“அலமாக்! மூக்குலயே ரிப்பேர் பாக்குது ஒம்பொண்ணு” என்று காளிதாஸ் கேலி செய்தார்.

சுகுமாறன் சிரிக்கவில்லை. இறங்கு என்று சொல்ல வாயெடுத்தார்.

டக்.

பூட்டு விழுந்துவிட்டது.

நான்காவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. புகை நாற்றம் முகத்தில் அறைந்தது. மகளை இழுத்து சிமெண்ட் தரையில் கிடத்தினார். அவள் உதடுகள் சாயம் பூசியதுபோல் சிவந்திருந்தன.

“லோஷி! அப்பாவப் பாரும்மா!”

மூச்சு இருந்தது. சூடாக, ஈரமாக.

ஸ்ஸ்ஸ்... ஹா.

காருக்குள் இப்போது சத்தமே இல்லை.

லோஷினி கண்ணைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவரை அப்பா என்று மட்டுமே அழைத்த வாய் மெல்ல அசைந்தது.

“அண்ணே... குழா கழட்டுன ஓட்டைய அடைச்சிட்டீங்கதானே?”

காளிதாஸ் பின்வாங்கினார். “என்ன சுகு, ஒன்னையப் போயி அண்ணேங்குது?”

சுகுமாறனுக்கு அந்தக் குரல் தெரியும். போன தீபாவளிக்கு முதல் நாள், காளிதாஸ் லீவில் இருந்தபோது, ஹீட்டர் ஒழுகும் காரைக் கொண்டுவந்த யுவனேஸ்வரி என்ற பெண், கைக்குழந்தையோடு இதே இடத்தில் நின்று கேட்ட கேள்வி அது. “அடைச்சாச்சுலா, தைரியமா போங்க” என்று அனுப்பி வைத்தார். அன்று சாயங்காலமே பண்டார் தெங்காரா செம்பனைக் காட்டோரம், மழைக்குக் காரை ஒதுக்கி, ஏர்கோன் போட்டுத் தூங்கிய புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூவரும் எழுந்திருக்கவே இல்லை. இன்ஜின் பக்கத்துப் புகை எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

காலையில் காளிதாஸ் அந்தக் குழாய்களைக் காட்டிய கணமே, இது அதே கார் என்று அவருக்குப் புரிந்திருந்தது. குழாயை வளைத்தது அவர் கை.

ஓட்டையை அவர் அடைக்கவே இல்லை.