தட்டையாகாத கோடு

சப்ளையின் வயரைப் பிடுங்கிய பிறகும், மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பின் திரையில் அந்தச் சின்ன மேடு எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது.

அவன் முதலில் சிரித்துக்கொண்டான். அலுவலகத்தில் அவனுக்குக் கப்சிப் என்று பெயர். ஸ்விட்சிங் பவர் சப்ளை என்பது மின்சாரத்தை நொடிக்கு லட்சம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிற சமாசாரம். ஒவ்வொரு வெட்டும் கோட்டில் கொஞ்சம் இரைச்சலை விட்டுவிட்டுப் போகும். அந்த இரைச்சலை அமுக்குவதில் அவன் மகா கெட்டிக்காரன். மேசையில் கிடந்தது, நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிக்கான புது சப்ளை. நாளைக் காலை மருத்துவமனைக்காரர்கள் வருகிறார்கள். கோடு தட்டையாக இல்லாவிட்டால் பழைய மாடலின் ரிப்போர்ட்டையும் எடுத்து வா என்பார்கள். அது மட்டும் நடக்கக் கூடாது.

வெளியே மதியம் மூன்று மணி வெயில். உள்ளே நேரம் என்று ஒன்று இல்லை. ஜன்னலில்லாத அறை, தரை முதல் கூரை வரை செப்புத் தகடு, சாத்தினால் ரேடியோ அலைகூட எட்டிப்பார்க்க முடியாத கனத்த கதவு. செப்பின் வாடையும் சால்டர் புகையின் மிச்சமும் அவனுடைய வியர்வையும் கலந்து, மூடிவைத்த டிபன் பாக்ஸைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தன. விளக்கை அணைத்தான். ஸ்கோப்பை பேட்டரியில் ஓடவிட்டான். சந்தேகம் வந்தால் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான்: அளக்கும் புரோபின் முனையை அதன் கிரவுண்டு கிளிப்பாலேயே கவ்வி ஒரு வளையமாக்கினான். இனி அது எதையும் அளக்காது. கோடு செத்துக் கிடக்க வேண்டும்.

மேடு எழும்பியது. அடங்கியது. எண்ணிப் பார்த்தான். நிமிடத்துக்கு எழுபது.

அந்த எண் அவனுக்குத் தெரியும். பழைய மாடல் சூடானால் விக்கும், நிமிடத்துக்கு எழுபது விக்கல். அன்று சரிசெய்ய அவகாசம் இல்லாமல், ஸ்கோப்பில் சராசரி பொத்தானை அழுத்தினான். அறுபத்து நாலு கோடுகளைக் கலந்து ஒன்றாக்கியதில் விக்கல் கரைந்து போயிற்று. கையெழுத்துப் போட்டான். மூன்று மாதம் முன்பு அந்த மாடல் பொருத்திய கருவி ஒன்று அவனுடைய அண்ணனின் கட்டிலருகே நின்றது. அண்ணனின் இதயம் நின்ற பிறகும், விக்கலைத் துடிப்பென்று எண்ணிப் பதினொரு நிமிடம் ஓடியது. அலாரம் அடிக்கவில்லை. "நல்லாத்தான் ஓடுது, பாருங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாளாம்.

"நீதானப்பா இதெல்லாம் செய்யறவன்" என்று துக்க வீட்டில் அண்ணி கேட்டாள். "மெஷின் பொய் சொல்லுமா தம்பி?"

"சொல்லாது அண்ணி."

இன்டர்காம் கரகரத்தது. வெளியே இருந்த உதவியாளப் பெண்ணின் திரையிலும் இதே கோடுதான். "சார், ஒரு மேடு வருதே. இதோடவா நாளைக்குக் குடுக்கப் போறோம்?"

"இரும்மா. பாத்துக்கறேன்."

விரல் தானாகப் போயிற்று. சராசரி. கோடு பாய் விரித்ததுபோல் படுத்தது.

"ஆஹா, இப்ப சூப்பர் சார். பிரிண்ட் போட்டுரவா?"

"போடு."

தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் திரை வெளிச்சத்தில் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

மேடு திரும்பியிருந்தது. சராசரியைத் தாண்டி. முன்பைவிட உயரமாக.

வளையத்தைக் கையிலெடுத்து, எங்கிருந்து வருகிறதென்று துழாவினான். கதவருகே சிறியது. மூலையில் சிறியது. மேசைக்கடியில் இல்லவே இல்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்து தன் பக்கம் திருப்பியபோது வளர்ந்தது. நெஞ்சருகே திரையை நிறைத்தது.

அட, என் இதயம்தானா. அவனுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. ஒத்துப்பார்க்க மணிக்கட்டில் விரல் வைத்தான்.

திரையில் ஒன்று. விரலடியில் ஒன்றுமில்லை.

திரையில் இரண்டு. அழுத்தினான். ஒன்றுமில்லை.

கழுத்து. ஒன்றுமில்லை. தோல் செப்புத் தகடுபோல் சில்லென்றிருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை. கடைசியாக எப்போது விட்டான்? கையெழுத்துக்கு முன்பா? பின்பா?

"சார்?" இன்டர்காம். "ஓ, துடிப்பு குடுத்து டெஸ்ட் பண்றீங்களா? நல்லாத்தான் ஓடுது, பாருங்க. தொந்தரவு பண்ணல. நான் டீ குடிச்சிட்டு ஒரு பதினஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

கால் அசையவில்லை. விரல்கூட. எதிர்ச் செப்புச் சுவரில் அவனுடைய பிம்பம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, கண் திறந்து, வாய் திறந்து, மடியில் வளையத்தோடு. அதன்மேல் பச்சைக் கோடு எழும்பியது, அடங்கியது. எழும்பியது.

எழுபது. சீராக. அழகாக.

எந்த அலாரமும் அடிக்கவில்லை.