இன்னைக்கு எந்த பீச்

திங்கட்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு வந்த குரல் செய்தியில், ஜான்சியின் குரலுக்குப் பின்னால் கேட்ட சத்தம் சரியாக இல்லை. மாரீஸ்வரி அதை இரண்டு முறை கேட்டாள். கரையில் அலை உடைந்து, சீறி, மணலை இழுத்துக்கொண்டு திரும்பும் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. பன்னிரண்டு வருடமாக வாடிக்கையாளர்கள் அனுப்பும் வீடியோக்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கூடவே காற்று இரையும், யாராவது சிரிப்பார்கள், தூரத்தில் ஏதாவது பாட்டு ஓடும். இதில் அவை ஒன்றும் இல்லை. நிறைந்த வாளிக்குள் தலையை முக்கினால் காது அடைத்துக் கும்மென்று கேட்குமே, அந்தச் சத்தம்தான் பதினோரு விநாடியும் இருந்தது. அதன் நடுவில் எப்போதும்போல உற்சாகமாக, "அக்கா, இன்னைக்கு எந்த பீச்?"

போன் பழசு, ஸ்பீக்கரில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்க உடம்பில் தெம்பு இல்லை.

மும்பை மாட்டுங்காவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது கணேசபாண்டியன் அண்ணாச்சியின் டிராவல்ஸ் ஆபீஸ். மூன்று மாதத்துக்கு முன் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதிலிருந்து விசா, டிக்கெட், ஹோட்டல் மூன்றும் மாரீஸ்வரியின் தலையில். இதோடு அவளுடைய பழைய வேலையான கடற்கரையும். கரீபியன் கடலில் செயின்ட் ஓரெல் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே தேனிலவுக்கு அனுப்பும் ஜோடிகளுக்கு அன்றன்றைய காற்றையும் அலையையும் நெட்டில் பார்த்து, இன்றைக்கு இந்தக் கடற்கரைக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். அண்ணாச்சி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சேவை அது. அங்கே காலை ஒன்பது ஆகும்போது இங்கே ஆபீஸ் மூடும் நேரம். தீவின் மேற்குப் பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கிழக்குப் பக்கம் பெருங்கடல், பார்க்கலாம், இறங்கக் கூடாது. மாரீஸ்வரி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் அந்தத் தீவின் கடற்கரை ஒவ்வொன்றிலும் மணல் என்ன நிறம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

ஜான்சிக்கு இருபத்து நாலு வயது, நவி மும்பை நெருளில் வளர்ந்த பெண். புருஷன் ராஜசேகர் குடும்பத்துக்குச் செம்பூரில் ஹார்டுவேர் கடை. பணம் கட்ட வந்த அன்றைக்கு அவள்தான் மூச்சுவிடாமல் பேசினாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. ஆனா கூட்டமே இல்லாத பீச்சா சொல்லணும். பிந்தாஸா, கவலையே இல்லாம நனையணும், யாரும் பாக்கக் கூடாது."

"வாளித்தண்ணி மாதிரி இருக்குற எடமாப் பாத்துச் சொல்லுதேன்" என்று மாரீஸ்வரி சிரித்தாள். ஆபீஸ் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். போனை உள்ளே போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் புகாது.

திங்கட்கிழமை, கம்ப்யூட்டரை அணைக்கும் முன் நாலாம் நாளுக்கான பெயரை அனுப்பினாள். இரண்டு டிக்கும் உடனே நீலமாயின.

செவ்வாய்க்கிழமை அதே ஆறு நாற்பது. இந்த முறை இருபது விநாடி. காதில் வைத்ததுமே அந்த அடைப்பு. கீழே தெருவில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது கூட தூரத்துக்குப் போய்விட்டது.

"அக்கா, இங்க தண்ணி அவ்வளவு கிளியரா இருக்கு. மேல பாத்தா வெளிச்சம் ஆடுது. இன்னைக்கு எந்த பீச்?"

மேலே என்றால்? மாரீஸ்வரி போனைக் கீழே வைத்தாள். கடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதிரே பார்ப்பார்கள், தூரத்தைப் பார்ப்பார்கள். வெளிச்சம் ஆடுவதைப் பார்க்க மேலே ஏன் பார்க்கிறாள்? ராஜசேகரின் எண்ணைக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தது. சும்மா விரலால் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். ஞாயிற்றுக்கிழமையில் விரல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். கூரைத் தகடு ஒழுகி, மெத்தை நனைந்து, முந்தின ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தாள். ஜான்சி கேட்டபோது நெட்டைத் திறக்கவில்லை. நினைவில் இருந்ததை அப்படியே தட்டி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டாள். லிட்டில் பெலிகன் என்று அனுப்பியதாகத்தான் இரண்டு நாளும் நினைத்திருந்தாள். மேற்குக் கரை, இடுப்பளவு தண்ணீர்.

திரையில் இருந்தது பெலிகன் பாயிண்ட்.

கிழக்குக் கரை. கூட்டமே இருக்காது. ஏன் இருக்காது என்பது மாரீஸ்வரிக்குத் தெரியும்.

ஆனால் திங்கட்கிழமை பேசினாளே, இன்றைக்கும் பேசினாளே. ஒன்றும் ஆகவில்லை, பிழைத்தோம். ஐந்தாம் நாள் பெயரை அனுப்பிவிட்டு இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் குளிர்ந்து சுருங்கியிருந்தன, வெகுநேரம் துணி துவைத்ததுபோல.

புதன்கிழமை காலையில் அண்ணாச்சி குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.

"மாரி, அந்த செம்பூர் புள்ள... கடல்ல போயிட்டாம்மா."

மாரீஸ்வரி எழுந்து நின்றாள்.

"மாப்பிள்ளை இழுக்கப் போயி அவனும் தண்ணியக் குடிச்சு ஆஸ்பத்திரில கெடந்திருக்கான். நேத்து ராத்திரிதான் வீட்டுக்குத் தகவல் வந்துச்சு. புள்ள இன்னும் கெடைக்கல. தேடிக்கிட்டே இருக்காவ."

"எப்போ அண்ணாச்சி? நேத்தா?"

"நேத்து இல்ல. ஞாயித்துக்கிழமை."

அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்க்காமல், ஈரக் குடையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எந்த பீச்சுன்னு நாம சொன்னோம்னு கேக்காவ. நம்ம மேல தப்பு ஒண்ணும் இல்லேல்லா?"

அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

"லிட்டில் பெலிகன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. அவங்களா மாத்திப் போயிருப்பாங்க."

"எழுத்துல இருக்கா?"

"அவ போன்ல இருக்கும்."

"போனு அவ கழுத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சாம். அதும் சேந்து போச்சு." அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "சரி. போனதைப் பேசி என்ன."

மாரீஸ்வரி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் போனில் இருந்த ஜான்சியின் செய்திகள் எல்லாவற்றையும் அழித்தாள். இன்னொரு பிரதி கடலுக்கு அடியில் இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. நெஞ்சில் ஒரு இறுக்கம் தளர்ந்தது. தளர்ந்ததை உணர்ந்த அடுத்த கணம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். உப்புத்தண்ணீர்தான் வந்தது.

அன்று ஆறு மணிக்கே ஆபீஸை விட்டு இறங்கினாள். போனை அணைத்துப் பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். தாராவி நிறுத்தத்தில் இறங்கும்போது பைக்குள் வெளிச்சம் தெரிந்தது.

அணைத்த போன்.

எடுக்காமல் நடந்தாள்.

வீடு ஒரு சந்துக்குள், மேல்மாடியில் ஒற்றை அறை. வெளியே படிகள் வைத்த செங்குத்தான இரும்பு ஏணி. புருஷன் தமிழ்செல்வன் வழக்கமாகப் பட்டறையிலிருந்து ஒன்பது மணிக்குத்தான் வருவான். அன்று மழைக்குச் சீக்கிரமே வந்து, அவளுக்கும் சேர்த்து டீ போட்டு வைத்திருந்தான். அவள் மூலையில் வைத்த பையிலிருந்து சத்தம் வர, அவனே போனை எடுத்துக் காதில் வைத்தான். வேண்டாம் என்று சொல்லக் கூட அவளுக்கு நேரமில்லை.

"யாரு, கஸ்டமரா? நல்லாப் பேசுதே புள்ள" என்றான். "எந்த பீச்சுக்குப் போகன்னு கேக்கு. பதில் சொல்லிரு, காத்துக்கிட்டு இருக்கும்லா."

"உங்களுக்குக் கேக்கா?"

"ஏன் கேக்காம? தெளிவாத்தான் இருக்கு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்ளரை அவள் கையில் வைத்தான். "ரெண்டு நாள் லீவு போடு மாரி. நீ தூங்கியே எத்தனை நாளாச்சு."

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால், சொன்னதை அழிக்க முடியாது. டீயைக் குடித்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆறாம் நாளுக்கான பெயரைத் தட்டி அனுப்பினாள். அனுப்பினால் நாளை மாலைவரை நிம்மதி. அது ஒன்றுதான் அப்போது தோன்றியது.

வியாழக்கிழமை அவள் வேறொன்று முயன்றாள். பெயருக்குப் பதிலாக, ஜான்சி, நீ வீட்டுக்குப் போ என்று எழுதினாள்.

பதில் குரலாக வந்தது. கோபம் இல்லை. அழுகை இல்லை.

"எந்த வழியாக்கா? நீங்க சொன்ன எடத்துக்குத்தானே எனக்குப் போகத் தெரியும்."

மாரீஸ்வரி அழுதுகொண்டே ஏழாம் நாளின் பெயரை அனுப்பினாள். அவளுடைய பட்டியலில் அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை ராஜசேகரின் அப்பா ஆபீஸுக்கு வந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் மாரீஸ்வரி சுவரோரம் நின்றாள். அவர் போன பிறகும் உட்காரத் தோன்றவில்லை. ஃபைல்களை எடுத்து வைத்தாள், ஜன்னலை மூடினாள், மறுபடியும் திறந்தாள். கால் இரண்டும் மரத்துப்போய்த் தன்னுடையவை இல்லாததுபோல இருந்தன. அண்ணாச்சி கிளம்பிவிட்டார். மழை வலுத்தது. ஆறு நாற்பது ஆகும்போது விளக்கை அணைக்கும் சுவிட்சில் அவள் கை இருந்தது.

"பீச்செல்லாம் முடிஞ்சுட்டுக்கா. உங்க வீட்டுப் பக்கம் எது?"

பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்விக்குப் பழகிய விரல். யோசிக்கவில்லை. நெட்டைப் பார்க்கவில்லை. மாஹிம் என்று தட்டி அனுப்பியது.

அனுப்பிய பிறகுதான் படித்தாள்.

அழிக்கப் போனாள். நீலம் ஆகிவிட்டது.

"சரிக்கா. வாரேன்."

பஸ் கிடைக்கவில்லை. மழையில் நடந்தே வந்தாள். தாராவியை ஒட்டிய மாஹிம் கழிமுகத்தில் கடல் ஏறுகிற நேரம். கடலும் மழையும் சேர்ந்தால் சாக்கடை எதிர்த்துக்கொண்டு சந்துக்குள் வருவது எல்லா வருடமும் நடப்பதுதான். அவள் ஏணியில் ஏறும்போது கணுக்காலளவு கறுப்புத் தண்ணீர் நின்றது. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். சேலையைப் பிழிந்தாள். தமிழ்செல்வன் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். பக்கத்து வீட்டு டிவி ஓடியது. எதிர் வீட்டுக்காரி ஹிந்தியில் யாரையோ திட்டினாள். தகரத்தில் மழை.

பிறகு டிவி நின்றது.

திட்டும் நின்றது.

மழையும்.

காது அடைத்தது. கும்மென்று.

வருடம் முழுக்கச் சந்தில் இருக்கும் சாக்கடை வாடை, தோல் வாடை, எண்ணெய் வாடை எதுவும் இல்லை. உப்பு. சுத்தமான உப்பு. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது, மாலை வெளிச்சம் இல்லை, நடுப்பகல் வெளிச்சம். அது தரையில் வலை மாதிரி விழுந்து மெல்ல ஆடியது.

திறக்கக் கூடாது.

தாழ்ப்பாளை எடுத்த கை அவளுடையதுதான்.

சந்து முழுக்கத் தண்ணீர். ஏணியின் பாதிவரை. கண்ணாடிபோல் தெளிந்த, பச்சை கலந்த நீலத் தண்ணீர். அடியில் கல் பாவிய சந்து இல்லை, வெள்ளை மணல். எதிர் வீட்டுக் கதவு தண்ணீருக்குள் திறந்து கிடந்தது. வாசலில் விட்ட செருப்புகள் மணலில் பாதி புதைந்திருந்தன. ஒரு ஆள் இல்லை. கூட்டமே இல்லை.

தண்ணீருக்கு ஒரு முழம் கீழே, ஏணிப்படியில் ஜான்சி உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. மஞ்சள் சுடிதார் மெதுவாக ஊதி அடங்கியது. முடி மேல்நோக்கி நின்று ஆடியது. கழுத்து நாடாவில் கட்டியிருந்த உறை மேலே மிதந்து வந்திருந்தது, உள்ளே போன் எரிந்துகொண்டிருந்தது. மாரீஸ்வரியின் நிழல் தண்ணீரில் விழுந்ததும் அந்தத் தலை அசைந்தது. திரும்பவில்லை. பாதி திரும்பியது. கன்னம் இருந்த இடத்தில் சின்னச் சின்ன மீன்கள் கலைந்து, மறுபடியும் வந்து ஒட்டின.

மாரீஸ்வரி இறங்கினாள். காலையிலிருந்து உட்காராத கால்கள். முதல் படி. இரண்டாம் படி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

கீழே, நெரிசல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு நகர்வார்களே, அதுபோல ஜான்சி படியின் ஓரத்துக்கு ஒதுங்கி இடம் விட்டாள்.