வாங்க சார்

மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. லேப்டாப்பில் மட்டும் நெட் தங்குதடையின்றி ஓடியது. சிவப்பு என்றால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம். முடி போன்ற கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடிவருவதுதான் இந்த நெட். அந்த வெளிச்சம் வந்து சேராவிட்டால் பெட்டி சிவப்பு காட்டும். மோகன்குமாருக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்தும், "பட்டிக்காட்டுப் பெட்டிக்கு விளக்குகூட ஒழுங்கா எரியத் தெரியல" என்று உதட்டைப் பிதுக்கினான். சாலவாக்கம் பக்கத்து மாமனார் ஊரில் அவனுக்கு எதுவும் பிடிக்காது. தென்னைக்குத் தென்னை தாவி வரும் அந்த ஒயரும் பிடிக்காது, அதை இழுத்துக் கட்டிய பெஞ்சமினையும் பிடிக்காது. மோடத்தை 'நெட்டு பொட்டி' என்கிறவனெல்லாம் டெக்னீஷியனாம்!

பிள்ளை பெற்ற மனைவி சுபாஷ்ரீ உள்ளறையில் படுத்திருந்தாள். பக்கத்தில் தூளியில் குழந்தை. மாமனாரும் மாமியாரும் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கம்பெனியில் ஆட்குறைப்பு நடக்கிறது. மேனேஜர் ஹரிஹரசுதன் கூப்பிடும்போது லைனில் இல்லையென்றால் வேலை காலி. அந்தப் பயத்தில்தான், விளக்கு வைக்கிற நேரத்தில், வியர்வை ஊறிய பனியனுக்கு மேல் இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஏரித் தவளைகளின் ஓயாத கத்தலைத் திட்டியபடி கூடத்தில் தவம் கிடந்தான்.

மேனேஜர் முகம் திரையில் வந்தது. தவளைச் சத்தம் ஒட்டுமொத்தமாக நின்றது.

"இன்னா மோகன், வூட்ல யார் யார் கீறாங்க?"

மோகன்குமார் திகைத்தான். தமிழில் பேசினாலே கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். அப்புறம் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான்: ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்கிறார்! மேலிடத்துக் கிண்டலுக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா? விழுந்து விழுந்து சிரித்தான்.

"நானும் ஒய்ஃபும்தான் சார். இந்த ஊர் ஜனங்க பேச்சை அச்சு அசலா பேசறீங்க."

"குயந்தை?"

"தூங்குது சார்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணையும் சிமிட்டவில்லை. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "சரி, நான் வரேன்" என்றார்.

விடைபெறுகிறவர் 'வரேன்' என்றால் நாம் என்ன சொல்வோம்? பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"வாங்க சார், வாங்க வாங்க" என்றான், பல்லெல்லாம் தெரிய.

திரையில் நாற்காலி காலியானது. அடுத்த நிமிஷம் செல்போன் அடித்தது. பெஞ்சமின்.

"சார், கோச்சிக்காதீங்க. கரும்பு லாரி மத்தியானமே ஒயரை அறுத்துக்கினு பூட்ச்சு. ஊர்ல யாருக்கும் நெட் இல்ல. காலைல போட்டுத் தரேன்."

"உளறாதய்யா. எனக்கு நல்லா வருது. இப்பதான் மேனேஜர்கிட்ட பேசி முடிச்சேன்."

"எப்டி சார் வரும்? உங்க வூட்டு ஒயர் முனை என் கைல கீது."

மோகன்குமார் போனை வைத்தான். மோடத்திலிருந்து மஞ்சள் ஒயரைப் பிடுங்கினான். திரையில் காலி நாற்காலி அப்படியே இருந்தது. மோடத்தையே அணைத்தான். அப்போதும் இருந்தது.

உள்ளறையில் ஒரு சத்தம்.

கிறீச்.

தூளிக் கொக்கி.

கிறீச்.

வாசல் கதவைப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

"நீங்களா?" சுபாஷ்ரீயின் தூக்கக் குரல். "நல்லதாப் போச்சு, கொஞ்ச நேரம் ஆட்டுங்க. ஏரிப்பக்கம் போனீங்களா இன்னா? ஒரே சேத்து நாத்தம். காலைக் கழுவிக்கினு வரக்கூடாதா?"

எழுந்து இரண்டு அடி வைத்தான். உள்ளறைத் திரைச்சீலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. குனிந்து பார்த்தான்.

கால்களே இல்லை.

தரையில் தூளியின் நிழல் மட்டும் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் தூரம்.