பின்னால் வந்த அழுகை

"நீ முன்வாசல்ல வந்து நிக்காண்டாம் சூடாமணி! உன் மொகத்தைப் பார்த்தா அந்தப் பிள்ளைக்கு இன்னைக்கும் பட்டினிதான்!"

பொழுது விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் ராஜமதி வந்து தொடங்கிவிட்டாள். திருவனந்தபுரம் கரமனையில், வீட்டுக் கிணற்றடியில் ஈரப்புடவையோடு நின்று, இறைத்த நீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்த சூடாமணி அடுத்த வாளியை இறக்கினாள். அந்த நாக்குக்குப் பதில் சொல்லப் புகுந்தால் சமையல் நடந்தாற்போலத்தான்!

அந்தப் பிள்ளை வேறு யாருமில்லை, சூடாமணியின் ஒரே மகன் தரணேந்திரன். உடுத்த துணியையும் துறந்து, மயிற்பீலியும் கமண்டலமுமாக ஊர் ஊராக நடந்தே அறம் சொல்லும் சமண முனிவர். சமணக் கோயிலுள்ள சிதறால் மலைக்குப் போகிற வழியில் திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தார். மாலையில் அவர் பேச்சைக் கேட்க மலையாளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அவர் வயிற்றுக்குள் ஒரு கவளம் இறங்கவில்லை.

முனிவருக்கு நாளுக்கு ஒரே வேளைதான் ஆகாரம். நின்றபடியே, குவித்த கைகளில் வாங்கி உண்ண வேண்டும். அப்போது யாராவது அழும் குரல் காதில் விழுந்தால் அது அந்தராயம், தடை. கைகளைப் பிரித்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

இந்த ஊரில் சமண வீடுகளே கொஞ்சம். ஒவ்வொரு வீட்டிலும் அதேதான் நடந்தது. முதல் கை நீரை வார்த்ததும் முனிவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்பார். குவிந்த கைகள் பிரிந்துவிடும். 'ஒரு பெண் அழுகிறாள்' என்று பிறகு சொல்வார். வேறு ஒருவர் காதிலும் எந்தச் சத்தமும் விழுந்ததில்லை!

"நேத்து எங்க வீட்டுல அடுத்த வீட்டு டிவியைக்கூட ஆஃப் பண்ண வச்சேன், கேட்டியா? ஒரு குஞ்சு அழலை! பின்னே அவனுக்கு மட்டும் எப்படிக் கேக்குது?" ராஜமதியின் குரல் தாழ்ந்தது. "பெத்தவ அழலை... அதான் வேற எதுவோ அழுவுது!"

சூடாமணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அன்று துறவுக்கு விடை கேட்டு மகன் நின்றபோது தகப்பன் ஸ்ரீபாலன் முடியவே முடியாது என்றுவிட்டார். மகன் இவள் காலடியில் உட்கார்ந்தான். "அம்மா... நீ அழுதா என் கால் நகராது. நகரலைன்னா நான் உசுரோட இருந்தும் பிணம்தாம்மா!" என்றான். உலர்ந்த கண்ணோடு விடை கொடுத்தாள். அதற்குக் கிடைத்த பட்டம் கல்நெஞ்சுக்காரி! அன்று முதல் கணவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. தனியே உட்கார்ந்து அழலாம் என்று எத்தனையோ முறை முயன்றாள். ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. பெற்ற வயிறு இப்படியா வற்றிப்போகும் என்று அவளே தன்னைக் கண்டு பயந்தாள்.

அடுப்பு வேலை முடிந்து வெயிலும் ஏறியது. "அக்கா, அவளை உள்ள போகச் சொல்லு. சுவாமி வர்ற நேரமாச்சு," என்றார் ஸ்ரீபாலன், சுவரைப் பார்த்தபடி.

உள்ளே போனாள். சிறிது நேரத்தில் தெருவில் பேச்சு அடங்கியது. "நமோஸ்து சுவாமி, நமோஸ்து! நில்லுங்க, நில்லுங்க!" என்று கணவரின் குரல் தழுதழுத்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். எலும்பும் தோலுமாக, ஆகாரத்துக்கு வரும் முறைப்படி வலது கையைத் தோளில் சார்த்தி, மகன் நின்றான். கால்கள் நடுங்கின. இன்றும் கை பிரிந்தால் சிதறால் இருக்கட்டும், தெருமுனைக்குக்கூடப் போய்ச்சேர மாட்டான்.

அப்போதுதான் அவளுக்கும் அது கேட்டது.

ஒரு பெண்ணின் அழுகை! முனிவருக்குப் பின்னால், யாருமே இல்லாத வெயிலிலிருந்து வந்தது. விம்மி விம்மி, நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபடி விம்மியது. வாசலில் நின்ற ஒருவர் முகமும் மாறவில்லை. சூடாமணி காதைப் பொத்தினாள். பொத்திய காதுக்குள்ளும் அது கேட்டது. அந்த மூச்சிழுப்பு... அது அவளுடையது! பிள்ளை பெற்றபோதும் தன் தாய் செத்தபோதும் அவள் அழுத அதே குரல். உள்ளே அழுத்திய அழுகை வெளியே போய், இத்தனை காலமும் பிள்ளையின் பின்னாலேயே நடந்து, பெற்றவள் இருக்கும் ஊருக்கு வந்ததும் வாய்விட்டிருக்கிறது, பாவி!

நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ராஜமதி அவள் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டும்விட்டாள். அந்தக் கை அவ்வளவு குளிர்ந்திருந்தது.

சூடாமணி மகனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவளை வரவேற்பதுபோல் தலையசைத்தாள். 'வந்துடு... எங்கிட்டயே வந்துடு!'

அழுகை வாசற்படி ஏறியது. அவளுக்குள் புகுந்தது, நெஞ்சுக்குள் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் கனத்தது. பிறகு தெருவே நிசப்தமானது.

"மனசுத்தி, வசனசுத்தி, காயசுத்தி... ஆகாரமும் நீரும் சுத்தம் சுவாமி," என்று ஆகாரம் இடுபவர் சொல்லும் உறுதிமொழியைச் சொன்னாள். குரல் பிசிறவில்லை. மனசுத்தி என்றது பொய்யா மெய்யா என்பதைக் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

கைகள் குவிந்தன. நீர் வார்த்தாள். முனிவர் தலையைச் சாய்த்தார். நெடுநேரம் கேட்டார்... பிறகு குடித்தார். பால், சோறு, பருப்பு, பழம் என்று ஒவ்வொன்றாக அவள் வைக்க வைக்க உண்டார். நெஞ்சுக்குள் ஒருத்தி முட்டி மோதினாள். சூடாமணி பல்லைக் கடித்துப் பரிமாறினாள்.

உண்டு முடித்து, எல்லோருக்கும்போல அவளுக்கும் பீலியை உயர்த்தி ஆசி தந்தார். அம்மா என்று அழைக்கவில்லை, அழைக்கவும் கூடாது. படியிறங்கியவர் ஒருமுறை தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். வெயில்தான் கிடந்தது. நடந்தார்.

சூடாமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். "சுவாமி... தெரு திரும்பியாச்சா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

ஸ்ரீபாலன் தெருக்கதவருகே ஓடிப்போய்ப் பார்த்தார். "திரும்பியாச்சு சூடா... திரும்பியாச்சு!"

அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து வந்த ஓலத்தில் பலாமரத்துக் காக்கைகள் கலைந்தன. விம்மி விம்மி, மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபடி விம்மினாள். ராஜமதி தலையில் அடித்துக்கொண்டாள். "எண்டம்மே! இதைத்தானா அந்தப் பிள்ளை தினம் கேட்டான்? உன்னையா நான் கல்நெஞ்சுக்காரின்னேன்... என் நாக்கு அழுகிப்போக!"

ஸ்ரீபாலன் மனைவியின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் கண்ணீர் அவள் ஈரக் கூந்தலில் சொட்டியது.

"அழு சூடா... நல்லா அழு. இனிமே அவனுக்குக் கேக்காது."